ஓட ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துல விட்டவங்களுக்கு: மூச்சு, முழங்கால், வெயில், நாய் எல்லாத்தையும் சமாளிச்சு 30 நிமிஷம் நிக்காம ஓடுறதுக்கு முழு வழிகாட்டி

முதல் தடவை நான் ஓடுனது ஒரு ஆடி மாசம். 37 வயசு, ரெண்டு பிள்ளைங்க, எடை 74 கிலோ. மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துல காலைல அஞ்சரை மணிக்கு கோயில் வாசல்ல இருந்து கிளம்புனேன், முதல் மூலை திரும்புறதுக்குள்ள நெஞ்சு அடைச்சு, வாய்க்குள்ள இரும்பு ருசி மாதிரி ஒண்ணு வந்து, குளத்துச் சுவரப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டேன். குளம் 305 மீட்டருக்கு 290 மீட்டர், அதாவது நாலு பக்கமும் சேர்ந்து ஒரு சுத்து கிட்டத்தட்ட 1.2 கிலோமீட்டர். அதுல ஒரே ஒரு பக்கத்தைக் கூட என்னால முடிக்க முடியல.

அங்க தினமும் நடக்குற ரிட்டயர்டு பி.டி. சார் ஒருத்தர் பக்கத்துல வந்து நின்னு, "யாரும்மா உன்னைய துரத்துறா?"ன்னு கேட்டாரு. யாரும் துரத்தலையே சார்னேன். "அப்புறம் எதுக்கு இந்த ஓட்டம்? பேசிக்கிட்டே ஓடு. பேச்சு வரலைன்னா நடந்துரு. மூச்சு வந்ததும் திரும்ப ஓடு" அப்படின்னாரு. எனக்கு யாரும் ஒழுங்கா சொல்லிக் கொடுத்த முதல் பாடம் அதுதான், இந்தக் கட்டுரை முழுக்க அதோட விரிவுரைன்னு வச்சுக்கங்க.

படிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயத்த மனசுல போட்டுக்கங்க. நம்ம உடம்புல எல்லாம் ஒரே வேகத்துல பழகாது. மூச்சும் இதயமும் மூணு நாலு வாரத்துல பழக ஆரம்பிச்சுரும். கால் எலும்பு, தசைநாண், குதிகாலுக்கு மேல இருக்குற அந்தத் தடிச்ச நார் இதெல்லாம் பலமாக மாசக்கணக்குல ஆகும். அதனால முதல் ரெண்டு வாரத்துல மூச்சு முட்டி நிறைய பேர் விட்டுர்றாங்க, அதைத் தாண்டி வந்தவங்க அஞ்சு ஆறாவது வாரத்துல "ஆகா நல்லா ஓட முடியுதே"ன்னு கூட்டிக் கூட்டி ஓடி கால்ல அடி வாங்குறாங்க. எனக்கு ரெண்டுமே நடந்துச்சு.

ஓடுறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது

பி.பி., சுகர், இதயக் கோளாறு இருக்குறவங்க, வீட்டுல யாருக்காவது சின்ன வயசுலயே மாரடைப்பு வந்திருந்தா அவங்க, 40 தாண்டி பல வருஷமா உடம்பே அசையாம இருந்தவங்க எல்லாரும் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு ஆரம்பிங்க. இன்சுலின் போடுறவங்களும், சில சுகர் மாத்திரை சாப்பிடுறவங்களும் ஓடுறப்ப சர்க்கரை திடீர்னு இறங்கிர வாய்ப்பு இருக்கு, பாக்கெட்டுல குளுக்கோஸோ நாலு மிட்டாயோ கட்டாயம் இருக்கட்டும். ஓடுறப்ப நெஞ்சுல அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவுற வலி, கண்ணு இருட்டிக்கிட்டு வர்றது, இதுல எது வந்தாலும் அன்னைக்கு ஓட்டம் அதோட முடிஞ்சது, நேரா ஆஸ்பத்திரி.

பொம்பளைங்க ஒரு ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்துருங்க. இத நான் கெஞ்சிக் கேட்டுக்கறேன். 2019-21ல எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்கள்ல பாதிக்கும் மேல ரத்தசோகைன்னு வந்துச்சு. ஹீமோகுளோபின் 12க்குக் கீழ இருந்தாலே சோகைதான், எனக்கு 9.8 இருந்துச்சு. நான் மூணு வாரமா "நமக்கு ஸ்டாமினாவே இல்ல, நம்ம உடம்பு வாகு இதுக்கு சரிப்படாது"ன்னு நினைச்சு அழுதிருக்கேன், உண்மையில ரத்தத்துல ஆக்சிஜன் தூக்கிட்டுப் போக ஆளு இல்லாம இருந்திருக்கு. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாங்க, அதைக் காபி டீயோட சேர்த்துப் போடக் கூடாதுன்னும் சொன்னாங்க, ஏன்னா அது உள்ள போறதையே தடுத்துரும். ரெண்டு மாசத்துல படி ஏறுறதுலயே வித்தியாசம் தெரிஞ்சுச்சு.

ஷூ, சாக்ஸ், உடுப்பு

பெரிய செலவு வேண்டாம், ஆனா ஷூவுல கஞ்சத்தனமும் வேண்டாம். ஸ்கூல் பிள்ளைங்க போடுற கேன்வாஸ், தட்டையான ஃபேஷன் ஷூ ரெண்டும் ஓடுறதுக்கு ஆகாது. ரன்னிங் ஷூன்னு கேட்டு வாங்குங்க, ரெண்டாயிரத்துல இருந்து மூவாயிரத்தைந்நூறுக்குள்ளயே ஆரம்பிக்கிறவங்களுக்குப் போதுமானது கிடைக்கும். சாயங்காலமா கடைக்குப் போங்க, பகல் முழுக்க நின்னு நடந்து பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும், ஓடுறப்பவும் அப்படித்தான் உப்பும். பெருவிரலுக்கு முன்னாடி ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும், இல்லைன்னா நகம் முட்டி முட்டிக் கறுத்துப் போயிரும். மாடல் பேரு, அழகு இதெல்லாம் பார்க்காதீங்க, கடைக்குள்ளயே நாலு எட்டு ஓடிப் பாருங்க, எங்கயும் உறுத்தாம சுகமா இருந்தா அதுதான் உங்க ஷூ. ஒரு ஷூ சுமாரா 500ல இருந்து 800 கிலோமீட்டர் வரைக்கும் வரும்.

சாக்ஸ் முழுக் காட்டனா இருந்தா வேர்வையைக் குடிச்சுட்டு அப்படியே ஈரமா கிடந்து கொப்புளம் போட்டுரும், அதனால பாலியஸ்டர் கலந்தது வாங்குங்க. தொடை உரசுற இடம், அக்குள், உள்ளாடை விளிம்பு இதுல எல்லாம் ஓடுறதுக்கு முன்னாடியே தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிருங்க. பொம்பளைங்களுக்கு ஸ்போர்ட்ஸ் பிரா ஷூவுக்குச் சமமான முக்கியம், போட்டுக்கிட்டு ரெண்டு குதி குதிச்சுப் பாருங்க, ஆட்டம் இருந்தா அது சரியான சைஸ் இல்ல. டிராக் பேண்ட்டும் தொளதொளன்னு ஒரு டீ-ஷர்ட்டும் போதும், நான் முதல் மாசம் சுடிதார் டாப்போடதான் ஓடுனேன்.

முதல் ரெண்டு வாரம் நடை மட்டும்

வாரத்துல அஞ்சு நாள், 30 நிமிஷம், கொஞ்சம் வேகமா நடங்க. சலிப்பா இருக்கும், தெரியும். ஆனா இந்த ரெண்டு வாரம்தான் அலாரத்துக்கு எந்திரிக்கிறது, வீட்டுல மாவு இட்லித் தட்டுல ஊத்துறதுக்குள்ள திரும்பி வர்றது, பிள்ளைங்கள யாரு எழுப்புறதுங்கற ஏற்பாடு எல்லாத்தையும் பழக்கும். எங்க வீட்டுக்காரர்கிட்ட நான் முதல்லயே பேசிட்டேன், திங்கள் புதன் வெள்ளி காலைல அஞ்சரைல இருந்து ஆறேகால் வரைக்கும் நான் வீட்டுல இல்ல, பால் காய்ச்சுறது உங்க வேலைன்னு. இந்தப் பேச்சை முன்னாடியே பேசாம ஓட ஆரம்பிச்ச என் சிநேகிதிங்க நிறைய பேர் ஒரு மாசத்துல நின்னுட்டாங்க, காரணம் கால் இல்ல, வீடு.

ஓட்டமும் நடையுமா 9 வாரம்

1996ல ஜோஷ் கிளார்க்னு ஒரு அமெரிக்கர், சும்மா உட்கார்ந்திருக்கிறவங்களை 5 கிலோமீட்டர் ஓட வைக்க ஒரு அட்டவணை போட்டாரு, 'கவுச் டு 5கே'ன்னு பேரு, இன்னைக்கு உலகம் முழுக்க ஆரம்பிக்கிறவங்க அதைத்தான் பிடிச்சுக்கறாங்க. வாரத்துக்கு மூணே நாள், நடுவுல ஒரு நாள் ஓய்வு கட்டாயம். ஒவ்வொரு தடவையும் முதல்ல 5 நிமிஷம் வேக நடை.

முதல் வாரம் 60 செகண்ட் ஓட்டம், 90 செகண்ட் நடை, இப்படி மாத்தி மாத்தி 20 நிமிஷம். ரெண்டாவது வாரம் ஒன்றரை நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் நடை, அதுவும் 20 நிமிஷம். மூணாவது வாரத்துல 3 நிமிஷ ஓட்டம் வரும், நாலாவதுல 5 நிமிஷம். அஞ்சாவது வாரம் மூணு நாளும் மூணு விதம்: முதல் நாள் 5 நிமிஷ ஓட்டம் மூணு தடவை, நடுவுல 3 நிமிஷ நடை. ரெண்டாவது நாள் 8 நிமிஷம் ஓடி, 5 நிமிஷம் நடந்து, திரும்ப 8 நிமிஷம். மூணாவது நாள் ஒரேடியா 20 நிமிஷம். அதைப் பார்த்தாலே பயமா இருக்கும், எல்லாருக்கும் இருக்கும். ஒன்பதாவது வாரம் முடியுறப்ப நிக்காம 30 நிமிஷம்.

9 வாரத்துல முடிக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. ஒரு வாரம் கஷ்டமா இருந்தா அதே வாரத்தத் திரும்பப் பண்ணுங்க, நான் மூணாவது வாரத்த மூணு தடவை பண்ணுனேன். அஞ்சாவது வாரம் அந்த 20 நிமிஷத்துக்குத் தாவுறது பலருக்கு ரொம்பப் பெருசா இருக்கும், அப்ப நடுவுல 12 நிமிஷம், 15 நிமிஷம்னு ஒரு வாரம் நீங்களே சேர்த்துக்கங்க.

நடக்குறதுல ஒரு கேவலமும் இல்ல. ஜெஃப் காலோவேன்னு 1972 ஒலிம்பிக்ஸ்ல 10,000 மீட்டர் ஓடுன ஒரு வீரர் இந்த ஓட்டம்-நடை முறையையே பல ஆயிரம் பேருக்குக் கத்துக்கொடுத்து முழு மாரத்தான் ஓட வச்சாரு. மூச்சு முழுசா போறதுக்கு முன்னாடியே நடக்க ஆரம்பிச்சுரணும், அதுதான் அதோட சூட்சுமம்.

மூச்சு முட்டுது, என்ன பண்றது

வேகத்தக் குறைங்க. பத்துல எட்டுப் பேருக்கு நான் சொல்ற பதில் இது மட்டும்தான். உங்க பக்கத்துல ஒரு ஆள் ஓடி வர்றாங்கன்னு நினைச்சுக்கிட்டு "நேத்து ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன பண்ணுனீங்க, எங்க வீட்டுல சப்பாத்தி"ன்னு ஒரு முழு வாக்கியம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. மூச்சு வாங்காம சொல்ல முடிஞ்சா சரியான வேகம். நடுவுல ரெண்டு இடத்துல அறுந்தா வேகம் அதிகம். முதல் மாசம் எனக்கு ஒரு கிலோமீட்டருக்கு 9 நிமிஷம் ஆச்சு, வேகமா நடக்குறவங்க கிட்டத்தட்ட என் கூடவே வருவாங்க. அது சங்கடமா இருக்கும், ஆனா அந்த வேகம்தான் நம்மள வளர்க்குற வேகம். கையில வாட்ச் இருந்தாலும் மூணு மாசத்துக்கு வேகத்தப் பார்க்காதீங்க, நிமிஷத்த மட்டும் எண்ணுங்க.

மூக்கால மட்டும்தான் மூச்சு விடணும்னு நிறைய பேர் சொல்வாங்க. அப்படி ஒண்ணும் இல்ல, மூக்கு வாய் ரெண்டும் சேர்த்து இழுங்க.

விலாவுல குத்துச்சுன்னா நடைக்கு மாறி, நல்லா நீளமா மூச்ச வெளிய விட்டு, குத்துற இடத்த விரலால அழுத்திப் பிடிங்க, ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல போயிரும். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆகாம ஓடுனா இது அதிகம் வரும். காலைல பாதி வாழைப்பழமோ ரெண்டு பேரீச்சம்பழமோ போதும், அதுவும் 20 நிமிஷ ஓட்டத்துக்கு அவசியம் இல்ல.

ஓடுற விதம்

இதைப் பத்தி இணையத்துல கிடைக்கிறது எல்லாத்தையும் படிச்சுக் குழம்ப வேண்டாம். நீளமா எட்டு வைக்காதீங்க, சின்னச் சின்ன எட்டா வச்சு, பாதம் உடம்புக்கு நேர் கீழ விழுற மாதிரி ஓடுங்க. நீட்டி எட்டு வச்சா ஒவ்வொரு எட்டும் பிரேக் போட்ட மாதிரி முழங்கால்ல போய் இடிக்கும். சத்தத்தக் கேட்டே கண்டுபிடிக்கலாம், தொப்பு தொப்புன்னு கேட்டா எட்டு பெருசு. தோள் காது வரைக்கும் ஏறியிருக்கும், அதை இறக்கி விடுங்க. கைய இறுக்கி முஷ்டி பிடிக்காதீங்க, கோயில்ல வாங்குன விபூதிய சிந்தாம வச்சிருக்குற மாதிரி லேசா மூடியிருந்தாப் போதும்.

வலி வந்தா: எது சாதாரணம், எது ஆபத்து

இதுக்குத்தான் நான் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கறேன், ஏன்னா இதுல நான் தப்பு பண்ணி ஏழு வாரம் படுத்துருக்கேன்.

புதுசா ஓடுன மறுநாளும் அதுக்கு மறுநாளும் தொடை, கெண்டைக்கால் தசை எல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்கும். ரெண்டு காலும் ஒரே மாதிரி வலிக்கும், மூணு நாள்ல தானா அடங்கும். இது நல்ல வலி, மெதுவா நடங்க, சரியாப் போயிரும்.

அடுத்தது முழங்காலுக்குக் கீழ முன்பக்கம் இருக்குற எலும்போட உட்பக்க ஓரத்துல வர்ற வலி, ஷின் ஸ்ப்ளிண்ட்னு சொல்வாங்க. ஆரம்பிக்கிறவங்கள்ல நிறைய பேருக்கு வரும். அதை இப்படிப் பாருங்க: உட்கார்ந்து, கட்டைவிரலால அந்த எலும்பு ஓரத்தக் கணுக்கால்ல இருந்து மேல வரைக்கும் ஒரு இஞ்ச் ஒரு இஞ்ச்சா அழுத்திக்கிட்டே வாங்க. நாலு விரல் அகலத்துக்கோ அதுக்கு மேலயோ பரவலா வலிச்சா பெரும்பாலும் ஷின் ஸ்ப்ளிண்ட். ஒரு வாரம் பத்து நாள் ஓட்டத்தக் குறைச்சு, நடந்து, ஐஸ் வச்சு, பழைய ஷூவா இருந்தா மாத்தி, மெதுவாத் திரும்பலாம். ஆனா ஒரு ரூபாய்க் காசு அளவு ஒரே இடத்துல தொட்டாலே துள்ளுற மாதிரி வலிச்சு, நடக்குறப்பவும் ராத்திரி படுத்திருக்குறப்பவும் அது விடாம இருந்தா, எலும்புல விரிசல் ஆரம்பிக்கிற அறிகுறியா இருக்கலாம். அன்னைக்கே நிறுத்திட்டு எலும்பு டாக்டரப் பாருங்க.

எனக்கு நடந்தது இதுதான். அந்த 20 நிமிஷ ஓட்டத்த முடிச்ச சந்தோஷத்துல வாரத்துக்கு அஞ்சு நாள் ஓட ஆரம்பிச்சேன், மூச்சு நல்லாப் போகுது, கால் மட்டும் ஏன் போகாதுங்கற தைரியம். இடது காலுல அந்தக் காசு அளவு வலி வந்துச்சு. ஒரு இடத்துல எக்ஸ்ரே எடுத்து ஒண்ணும் இல்லைன்னாங்க, நானும் அதை நம்பித் தொடர்ந்து ஓடுனேன். ஆரம்பத்துல ரெண்டு மூணு வாரம் இந்த விரிசல் எக்ஸ்ரேல தெரியாமப் போறது சகஜம்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. எம்.ஆர்.ஐ.ல எலும்புக்குள்ள வீக்கம் காட்டுச்சு, ஏழு வாரம் ஓட்டம் கிடையாது. அதனால எக்ஸ்ரே நல்லா இருக்கு, வலி மட்டும் போகலைன்னா திரும்பப் போய்க் கேளுங்க, வலிதான் பெரிய ரிப்போர்ட்.

முழங்கால் தேஞ்சுரும்னு வீட்டுல பெரியவங்க சொல்வாங்க, எங்க அத்தை இன்னைக்கும் சொல்றாங்க. 2017ல பல ஆய்வுகளத் தொகுத்துப் பார்த்ததுல, பொழுதுபோக்கா ஓடுறவங்கள்ல 3.5 சதவீதம் பேருக்குத்தான் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்துச்சு, ஓடாம உட்கார்ந்தே இருக்கவங்கள்ல 10.2 சதவீதம். போட்டி அளவுல கடுமையா ஓடுறவங்களுக்கு மட்டும் அது அதிகமா இருந்துச்சு. நம்ம ஓட்டம் அந்த வகை இல்ல. முழங்கால் முன்பக்கம் வலிச்சா பல நேரம் காரணம் தொடையும் இடுப்புத் தசையும் பலமில்லாம இருக்குறது.

அதுக்கு ஜிம்மே வேண்டாம். வாரத்துக்கு ரெண்டு நாள் 15 தோப்புக்கரணம் மூணு செட், நல்லா உட்கார்ந்து எந்திரிங்க. வாசப்படி விளிம்புல நின்னு குதிகாலத் தூக்கி இறக்குறது 15 தடவை மூணு செட், இது கெண்டைக்காலுக்கு. மல்லாக்கப் படுத்துக்கிட்டு முழங்கால மடக்கி இடுப்பத் தூக்குறது, அதுவும் அதே கணக்கு. அப்புறம் பால் பொங்குற வரைக்கும் அடுப்புப் பக்கத்துல ஒத்தைக் கால்ல நில்லுங்க, ஒரு நாள் இடது, ஒரு நாள் வலது.

பிரசவம் ஆனவங்க குறைஞ்சது மூணு மாசம் ஓடாதீங்க. ஓடுறப்ப லேசா சிறுநீர் கசியுதுன்னா அது ரொம்பப் பேருக்கு இருக்குற விஷயம், வெட்கப்பட்டு ஓட்டத்த விட வேண்டாம், பிசியோதெரபிஸ்ட்கிட்ட போனா சிறுநீரை அடக்கிப் பிடிக்கிற இடுப்பு அடித்தளத் தசைக்குப் பயிற்சி சொல்லித் தருவாங்க, குணமாகும். மாதவிலக்கு நாள்ல உடம்பு இடம் கொடுத்தா ஓடலாம், முடியலைன்னா அன்னைக்கு விட்டுருங்க.

வெயிலும் தண்ணியும்

சித்திரை வைகாசியில மதுரையில ஓட ஆரம்பிக்காதீங்க, இதை அனுபவிச்சவளா சொல்றேன். புதுசா வெயில்ல ஓடுற உடம்பு அதுக்குப் பழக பத்துல இருந்து பதினாலு நாள் ஆகும், அந்த நாட்கள்ல நேரத்தப் பாதியாக் குறைங்க. ஆறரை மணிக்குள்ள முடிச்சுருங்க. சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்ல வெயில் இல்லைன்னாலும் புழுக்கத்துல வேர்வை காயாது, காயலைன்னா உடம்பு சூடு இறங்காது, அங்க வேகம் தானாக் குறையும், அதோட சண்டை போடாதீங்க. தலை சுத்தல், குமட்டல், சூட்டுலயும் புல்லரிப்பு வந்தா உடனே நிழலுக்குப் போய்த் தலையில தண்ணி ஊத்துங்க, கூட ஓடுறவங்க பேச்சு குழறுனாலோ நிதானம் தப்புனாலோ தண்ணி ஊத்திக்கிட்டே 108 கூப்பிடுங்க.

அரை மணி நேர ஓட்டத்துக்கு நடுவுல தண்ணி தேவையில்ல, கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு டம்ளர் போதும். முடிச்சதும் உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ அருமை. ரொம்ப வேர்த்த நாள்ல ஒரு லிட்டர் தண்ணியில ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாக் குடிங்க. சுகர் இல்லாதவங்க குளிர்காலத்துல ஓடி முடிச்சுட்டுச் சூடா ஒரு டம்ளர் பருத்திப்பால் குடிச்சுப் பாருங்க, கருப்பட்டியும் சுக்கும் நெஞ்சுக்குள்ள இறங்குற அந்த நிமிஷத்துக்காகவே நான் எந்திரிச்ச நாள் உண்டு.

எடை குறையணும்னு மட்டும் ஓடாதீங்க. ஒரு கிலோமீட்டர் ஓடுனா ஏறக்குறைய உங்க எடை எவ்வளவோ அவ்வளவு கலோரி செலவாகும், 70 கிலோன்னா 70 கலோரி. மூணு கிலோமீட்டர் ஓட்டம் ரெண்டு உளுந்த வடையில முடிஞ்சுரும். எனக்கு முதல் ரெண்டு மாசம் முள்ளு அசையவே இல்ல, ஆனா தூக்கம் வந்துச்சு, மாடிப்படி லேசாச்சு.

நாயும், பாக்குறவங்களும்

விடியக்காலைல நாய் வந்தா ஓட்டத்த நிறுத்துங்க. ஓடுனாத்தான் துரத்தும். முதுகு காட்டாம, கண்ணுக்குள்ள முறைக்காம, நின்னு, மெதுவா நடந்து தள்ளிப் போங்க. கடிச்சிட்டாலோ நகம் கீறிட்டாலோ ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஊசி போட்டுருங்க, அரசு ஆஸ்பத்திரியில இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீங்க.

மனுசங்க பார்க்குறதுதான் எனக்கு நாயை விடக் கஷ்டமா இருந்துச்சு. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்குற இடமாப் பாருங்க, ஒரே நேரத்துக்குப் போங்க. பத்துப் பதினஞ்சு நாள்ல டீக்கடைக்காரர், பூ விக்கிற அக்கா, நடக்க வர்ற பெரியவங்க எல்லாருக்கும் உங்க முகம் பழகிரும், அப்புறம் அவங்களே ஒரு காவல். காதுல பாட்டு மாட்டுனா ஒரு காது மட்டும், வண்டி போற ரோட்டுல, வண்டிங்க உங்களுக்கு எதிர்ல வர்ற மாதிரி வலது ஓரமா ஓடுங்க.

நடுவுல விட்டுப் போச்சுன்னா

காய்ச்சல், பரீட்சை, கல்யாண வீடு, மழை, விட்டுப் போகத்தான் செய்யும். ஒரு வாரம் விட்டா விட்ட இடத்துல இருந்தே ஆரம்பிங்க, ரெண்டு மூணு வாரம் விட்டா ரெண்டு வாரம் பின்னாடி போங்க, அதுக்கு மேலன்னா முதல் வாரம். விட்ட நாளுக்கு ஈடுகட்ட ஒரே நாள்ல ரெட்டிப்பா ஓடுறதுதான் கால ஒடைக்கும். நான் எலும்பு ஆறி மார்கழியில திரும்ப முதல் வாரத்துல இருந்துதான் ஆரம்பிச்சேன். அந்தக் குளிருல, கோலம் போடுறவங்களத் தாண்டி, கோயில் ஸ்பீக்கர்ல பாட்டோட ஓடுறது அவ்வளவு சுகம், மதுரைக்காரங்க ஆரம்பிக்க மார்கழியை விட நல்ல மாசம் இல்ல. தை மாசம் தெப்பத் திருவிழா சமயத்துல மட்டும் கூட்டத்துல அங்க ஓட முடியாது, அந்த நாலஞ்சு நாள் வேற தெரு.

முதல் 5 கிலோமீட்டர்

30 நிமிஷம் ஓட வந்ததும் உடனே ஹாஃப் மாரத்தானுக்குப் பேர் கொடுக்காதீங்க. அதே 30 நிமிஷத்த வாரம் மூணு நாள் ஒரு மாசம் ஓடுங்க, எலும்பு வந்து சேரட்டும். அப்புறம் ஒரு நாள் மட்டும் வாரத்துக்கு அஞ்சு நிமிஷம் கூட்டிக்கிட்டே போனா 5 கிலோமீட்டர் தன்னால வரும், எனக்கு அது தெப்பக்குளத்துல நாலு சுத்தும் அதுக்கு மேல இன்னொரு 200 மீட்டரும்.

ஊர்ல நடக்குற 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்தா, அன்னைக்குப் புது ஷூ, புது சாக்ஸ், புதுச் சாப்பாடு எதுவும் வேண்டாம். கூட்டத்துல கடைசி வரிசையில நில்லுங்க. முன்னாடி நின்னா எல்லாரும் பாயுற வேகத்துல நம்மளும் பாஞ்சு முதல் கிலோமீட்டர்லயே மூச்சு போயிரும். நம்பர் அட்டையப் பின் குத்துறப்ப நாலு மூலையிலயும் குத்துங்க, மேல ரெண்டு மட்டும் குத்துனா முடியுற வரைக்கும் காத்துல படபடன்னு வயித்துல அடிச்சுக்கிட்டே வரும்.